வெளியே வராத அடையாளம்

"அண்ணனுக்குப் போடற ஊசி ஏன் கேக்கலன்னு யாரும் தெளிவா சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்களாவது பாத்துச் சொல்லுங்க டாக்டர்."

பஸ் ஓட்டும் சீருடையிலேயே ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தாள் தங்கை. அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய், வைரஸால் வந்தது. உடம்பின் காவல் செல்களைத் தட்டியெழுப்பும் ஊசியைப் போட்டும் கட்டி வளர்ந்துகொண்டேயிருந்தது.

திசுக்களை ஆராயும் பெரிய டாக்டர் அதிகம் பேசமாட்டார். ஒன்றைப் பிடித்தால் விடவும் மாட்டார். அண்ணனின் கட்டியிலிருந்து வெட்டிய திசு ஒட்டிய கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

"காவல் செல்லே இல்லையோ?" என்று முந்திக்கொண்டார் உதவி டாக்டர்.

"கூட்டமா இருக்கு. கட்டிக்குள்ளயும் நுழைஞ்சிருக்கு. ஆனா எதையும் தொடல."

"ஆளை அடையாளம் காட்டற புரதம் இல்லாமப் போச்சா? " உதவி டாக்டரும் குனிந்து பார்த்தார். "அதுவும் இருக்கே. அந்தப் புரதத்துல மட்டும் ஒட்டற பழுப்புச் சாயம் செல்லெல்லாம் ஏறியிருக்கு."

"பக்கத்துல ரத்தக்குழாய் இருக்கு பாருங்க. அதோட செல்லுல சாயம் எங்க ஏறியிருக்கு?"

"ஓரத்துல. கோடு போட்ட மாதிரி."

"கட்டிச் செல்லுல?"

உதவி டாக்டர் கண்ணை எடுக்காமல் பார்த்தார். குரல் இறங்கியது. "உள்ள, ஒரு திட்டா. ஓரம் வெறுமையா இருக்கு."

சாயத்தின் கோளாறாக இருக்கக்கூடாதென்று வேறொரு துண்டை வெட்டி மறுபடியும் சாயமேற்றச் சொன்னார் பெரிய டாக்டர். அதிலும் அதேதான்.

மறுநாள் அண்ணனும் தங்கையும் புற்றுநோய் மருத்துவரும் ஆய்வுக்கூடத்தின் சின்ன அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"ஒவ்வொரு செல்லும் தனக்குள்ள இருக்கறதுல ஒரு துணுக்கை எடுத்து வெளிய காட்டும்" என்றார் பெரிய டாக்டர். "அதைப் பாத்துத்தான் காவல் செல் எதிரியைப் பிடிக்கும். துணுக்கைத் தூக்கிட்டு வர்ற புரதத்தை இந்த வைரஸ் உள்ளயே மடக்கி வெச்சிருக்கு. காவலை எவ்வளவு உசுப்பினாலும் அது யாருன்னு பாத்து அடிக்கும்?"

"அப்போ அவ்வளவுதானா?" அண்ணனின் குரல் கரகரத்தது.

"இல்ல. அடையாளம் காட்டாத செல்லைக் கண்டா அதுக்காகவே சந்தேகப்பட்டு அடிக்கற காவல் செல் வேற ரகம் இருக்கு. அதை வெச்சு ஒரு சிகிச்சையைச் சோதிச்சுட்டிருக்காங்க. குணமாகும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது."

"இந்த ஊசியை நிறுத்திடறேன்" என்றார் புற்றுநோய் மருத்துவர். "அந்தச் சோதனை நடத்தறவங்ககிட்ட நானே பேசறேன்."

தங்கை அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் எழுந்துபோய் நுண்ணோக்கியில் குனிந்தார். பழுப்புத் திட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இத்தனை நாள் எவன்கூட மல்லுக்கு நிக்கறேன்னே தெரியாம இருந்தேன்" என்றார். பிறகு மருத்துவர் பக்கம் திரும்பினார். "எப்போ ஆரம்பிக்கலாம்?"