மச்சம் இடம் மாறாது

மணமகனின் மூக்கு மட்டும் மூன்று தெரு நீளத்துக்கு வானத்தில் தொங்கியது. ஒரு பிசிறு இல்லை, மங்கல் இல்லை. மீசையின் கடைசி முடிவரை அப்படி ஒரு தெளிவு. கீழே தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் போனவர்கள் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்று எதற்கெடுத்தாலும் முகத்தை ஒளிப்படமாக வானத்தில் ஏற்றுகிற ஊரில் யார்தான் எத்தனை மூக்கைப் பார்ப்பது?

வீரபாகுவின் கையைப் பிடித்துப் பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்த மதிவதனி மட்டும் பார்த்தாள். "எப்பா, இம்புட்டுப் பெருசாக்கியும் மூஞ்சி ஏன் உடையல?"

"அது கோட்டுருல்லா. புள்ளியுருன்னா பாசிமணி கோத்த மாதிரி. பெருசாக்குனா மணிதான் பெருசாவும், மூஞ்சி கட்டம் கட்டமாப் பிரிஞ்சு போவும். கோட்டுருவுக்கு மணியே கெடையாது. இங்க ஆரம்பி, இம்புட்டு வளை, அங்க நிறுத்துன்னு கணக்கு மட்டுந்தான். எத்தன பெருசு கேட்டாலும் புதுசா வரஞ்சு குடுத்துரும்."

"அப்போ என் மச்சத்தையும் வானத்துல போடலாமா?" என்று இடது கன்னத்தைத் தொட்டாள்.

"போடலாமே! அந்த மச்சத்தாலதானட்டி நீ எனக்குக் கெடச்ச."

உண்மைதான். மதி பிறந்தபோது வீரபாகு ஆழ்கடல் சுரங்கத்தில் இருந்தார். கடலுக்கடியில் தகவல் இணைப்பு என்பது சொட்டு நீர்ப்பாசனம்தான். மனைவி செண்பகா அனுப்பிய குழந்தைப் படம் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கி வந்தது. அதைத்தான் அவர் தினமும் பார்த்தார். பிறகு புயல் வந்தது. செண்பகா அதில் போய்விட்டாள். குழந்தையை யாரோ முகாமில் பார்த்ததாகச் சொன்னார்கள். அதற்குமேல் துப்பு இல்லை. மரபணுவைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கலாமே என்றால், காப்பீட்டுக் கம்பெனிகள் அடித்த கூத்தில் மரபணுவைத் திறப்பதையே அரசு குற்றமாக்கியிருந்தது.

மூன்று வருடம் அலைந்தபின் முகத்தேடல் நிலையத்தில் அந்த நகத்தளவு படத்தை, புள்ளியுருவைக் கோட்டுருவாக்கும் கோடாக்கியில் போட்டார்கள். கட்டம் கட்டமாக இருந்த மங்கலிலிருந்து ஒரு பிள்ளை முழுசாக எழுந்துவந்தது. கண், உதடு, இடது கன்னத்தில் வட்டமாக ஒரு மச்சம். வீரபாகு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். ஒரு மாதத்தில் பிள்ளையையும் கண்டுபிடித்துவிட்டார்கள். திருச்செந்தூரில் பிரம்மசக்தி என்பவள் வளர்த்துக்கொண்டிருந்தாள். தன் வயிற்றில் பிறந்தது என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவளுடைய பிரசவச் சான்றெல்லாம் அதே புயலில் போயிருந்தது. முகாமில் எடுத்த பிள்ளை என்று தீர்ப்பு வந்தது. கோட்டுருச் சான்றுக்கு எதிராக வாய்ச்சொல் எடுபடாது.

அது நடந்து நான்கு வருடமாகிறது. பிரம்மசக்தி இன்னும் மாதாமாதம் பஸ் ஏறி வந்து வீரபாகுவின் வீட்டு வாசலில் நின்று, நான் பெத்த பிள்ளை என்று முனகுவாள். அன்றும் நின்றாள். வழக்கம்போல் அவர் மதியை மறுபக்கமாக அணைத்து உள்ளே கொண்டுபோனார். பாவம், பித்துப் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டார். நாமெல்லாம் அப்படித்தான் நினைத்திருப்போம்.

உள்ளே ஒரு பெட்டி வந்திருந்தது. சுரங்கத்தை மூடுகிறார்கள். புயல் செய்தி கேட்டு அவர் போட்டது போட்டபடி மேலே ஏறியபோது விட்டுவந்த சாமான்கள். ஒரு சட்டை, சவரக்கத்தி, அரிசி மணி அளவில் ஒரு நினைவுச் சில்லு. சில்லைக் கைப்பேசியில் செருகினார். அவர் மேலே ஏறிய பிறகு கீழே போய்ச் சேர்ந்த படங்கள் அதில் இருந்தன. செண்பகா புயலுக்கு முந்தைய வாரம் அனுப்பியவை. எல்லாம் நகத்தளவு, எல்லாம் பழைய புள்ளியுரு.

முதல் படத்தில் கன்னத்தில் அதே கரும்புள்ளி. ஆனால் வலது கன்னத்தில்.

படம் கண்ணாடியில் போல இடவலம் திரும்பியிருக்குமோ என்று பார்த்தார். பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரின் கொட்டைத் தேதி மங்கலிலும் நேராகத்தான் தெரிந்தது. அடுத்த படத்தில் புள்ளி நெற்றியில். அதற்கடுத்ததில் தாடையில். கடைசிப் படம் குளியல் தொட்டியில். அதில் புள்ளியே இல்லை.

குளிப்பாட்டித் துடைத்து, பவுடர் போட்டு, கண்ணு பட்டுரும் என்று விரலில் மை தொட்டு, அன்றன்று கை போன இடத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டு! அடப்பாவி! அது மச்சமே இல்லை!

அடுக்களையில் மதி முறுக்கு டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் கன்னத்தில் இருப்பது அசல் மச்சம். அவள் பிரம்மசக்தியின் அசல் மகள். நான்கு வருடமாக வீரபாகு இன்னொருத்தியின் பிள்ளைக்குத் தலை வாரியிருக்கிறார். பெற்றவளைத் தெருவில் நிறுத்தியிருக்கிறார். தன்மேலேயே அருவருப்பு வந்தது.

பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். "தாயி, எங்கூட வாங்க."

பிரம்மசக்தி இரண்டடி பின்வாங்கினாள். "போலீசுக்கா? நான் சத்தம் போடலயே, சும்மா நின்னுதான பாக்கேன்."

"ஒங்க பிள்ளைதான் தாயி அவ. ஒங்க பிள்ளதான்."

முகத்தேடல் நிலையத்தில் கோடாக்கியை இயக்குகிறவள் ஜெபசெல்வி. கெட்டவள் இல்லை, பொறுமையாகக் கேட்டாள். வீரபாகு சில்லிலிருந்து வலது கன்னப் படத்தை மட்டும் அவள் மேசைக்கு அனுப்பினார். "இது மை பாத்துக்கிடுங்க. அன்னைக்கு நான் குடுத்த பழைய படத்துலயும் மைதான். அத எடுத்து வச்சுப் பாருங்க."

"அந்தப் புள்ளியுரு இருக்காதுங்கய்யா. கோடாக்குனதும் மூலத்த அழிச்சிரணும். ரெண்டு வச்சிருந்தா கொழப்பம்னு சட்டம்." திரையில் பழைய கோட்டுருவை எடுத்தாள். இடது கன்னம் சுவர் அளவுக்கு விரிந்தது. "திருஷ்டிப் பொட்டு எனக்குத் தெரியாதா? எங்க வீட்லயும் வப்பாங்க. விரலால வச்சது ஓரம் இழுகியிருக்கும்லா. இது பாருங்க, எவ்வளவு பெருசாக்குனாலும் ஓரம் சுத்தமா வட்டமா இருக்கு. மச்சந்தான்."

"ஓரத்தச் சுத்தமாக்குனதே ஒங்க மிசின்தானம்மா!"

ஜெபசெல்வி அவரைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். திரை அத்தனை தெளிவாக இருந்தது. புள்ளியுருவுக்கு ஒரு யோக்கியதை உண்டு. தெரியாததைத் தெரியாது என்று மங்கலாகச் சொல்லிவிடும். கோட்டுருவுக்கு அந்தப் பேச்சே கிடையாது. தெரிந்ததையும் ஊகித்ததையும் ஒரே அழுத்தத்தில் வரைந்துவிடும். அதற்கு எதிராக நின்று பேச ஒரு மாதச் சம்பளக்காரிக்கு எங்கே துணிச்சல் வரும்?

அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் கோடாக்கி தன் வேலையை முடித்திருந்தது. மேசைக்கு வந்த எந்தப் படத்தையும் அது கேட்காமலே கோடாக்கும். திரையில் இன்னொரு பிள்ளை எழுந்தது. வலது கன்னத்தில் சுத்தமான வட்ட மச்சம். அடியில் வரிகள் ஓடின: 'மச்சம் இடம் மாறாது. ஆகவே வேறு குழந்தை. அதே தந்தை, அதே வயது. இரட்டையர்.'

"ஐயோ, ஐயா! ஒங்களுக்கு இரட்டப் பிள்ளைங்களாம்!" ஜெபசெல்வியின் முகம் மலர்ந்தது. "இன்னொண்ணும் கெடச்சாச்சு. உடன்குடியில இருக்காளாம். அந்தூரு மீட்பு வண்டி போயிருச்சு."

"எனக்கு ஒரே பிள்ளை! நிறுத்துங்க வண்டிய! பிள்ளையத் தேடக் குடுத்த மனுவ நான் வாபஸ் வாங்குதேன்!"

"அது குழந்தையோட உரிமைங்கய்யா, நீங்க வாபஸ் வாங்க முடியாது. நானும் நிறுத்த முடியாது."

"அப்போ எம்மவ?" என்றாள் பிரம்மசக்தி. அதுவரை சுவரோரம் நின்றவள் மேசைக்கு வந்துவிட்டாள். "எம்மவ கத என்ன?"

"அந்தத் தீர்ப்பு அப்படியே நிக்கும்மா. ரெண்டு பேரும் இவரு பிள்ளைங்கன்னு ஆயிருச்சே."

திரையின் மூலையில் மீட்பு வண்டியின் கேமராக் கண் விழித்தது. ஒரு பச்சை இரும்புக் கதவு. முற்றத்தில் ஒரு சிறுமி சைக்கிள் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். வலது கன்னத்தில் மச்சம். ஈரக்கையோடு ஒரு பெண் ஓடிவந்து சிறுமியைத் தூக்கி இடுப்போடு சேர்த்து இறுக்கினாள். அவள் வாய் திறந்து திறந்து மூடியது. படத்துக்கு ஒலி இல்லை.

பிரம்மசக்திக்கு ஒலி தேவைப்படவில்லை. திரையைப் பார்த்தபடியே அந்தப் பெண்ணின் உதட்டோடு சேர்ந்து சொன்னாள். "நான் பெத்த பிள்ளை இது. நான் பெத்த பிள்ளை."

வீரபாகு காதைப் பொத்திக்கொண்டார். வாசலில் இதே வார்த்தையை நான்கு வருடம் கேட்டும் கேட்காதவர் அவர்.

ஜெபசெல்விக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் திரை கேட்கச் சொன்னதைக் கேட்டாள். கேட்பதுதான் அவள் வேலை. "ஐயா, வேற படம் ஏதும் இருக்கா? இருந்தா ஒப்படைக்கணும். மறைக்கக் கூடாது."

நெற்றியில் பொட்டு, தாடையில் பொட்டு, பொட்டில்லாத குளியல் படம். ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு பச்சைக் கதவு. அவருடைய சொந்த மகள் இருக்கிறாளோ போனாளோ, இந்த உலகத்தில் அவளுக்கென்று மிச்சமிருப்பது இந்தப் புள்ளிகள்தான்.

கைப்பேசியில் குளியல் படத்தை ஒரு முறை பார்த்தார். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. அத்தனை மங்கல். சில்லை உருவி வாயில் போட்டு, கடைவாய்ப் பல்லால் நொறுக்கினார்.

"வேற இல்லம்மா," என்றார்.