ஹாலுக்குள் ஆலமரம்

எழுபத்துமூன்றாம் வருஷம். செவிலிமேட்டில் தனசேகரன் கட்டிய புது வீட்டுக்குள் நிறைமாத வயிற்றோடு நுழைந்த அவன் மனைவி காந்தா, வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். சுண்ணாம்பு வாடை இல்லை. தொழுவத்தில் எதையோ போட்டு அழுகவிட்ட கவிச்சு.

“மெட்ராஸ் ஆர்கிடெக்ட் பிளான்மா! மரத்தை வெட்டாம, அதைச் சுத்தியே வீடு. தரைக்குப் பாலாத்துக் கூழாங்கல்லு,” என்றான் அவன், பூரிப்பு தாங்காமல்.

ஹாலின் நடுவே ஆலமரம் கூரையைத் தாண்டி மேலே போயிருந்தது. சோபாவுக்குப் பக்கத்தில் விழுதுகள் தொங்கின. கிளைகளில் கயிறு இறுகிய தழும்புகள்.

மத்தியானம், தயிர்சாதத்தில் சொட்டென்று விழுந்தது. கறுஞ்சிவப்பாய், கொழகொழவென்று, நூல் நூலாய் இழுத்தது. சீ! குடலே வெளியே வருவதுபோல் வாந்தியெடுத்தாள்.

“மரப்பாலு. வேற இன்னா?” என்றான் தனசேகரன்.

ஆலம்பால் வெள்ளையாகத்தானே இருக்கும்?

தரையைத் துடைக்க வந்த வேலைக்காரி கங்கையம்மாள் குசுகுசுத்தாள். “மாடு கன்னு போட்டா, நஞ்சுக்கொடியை வைக்கோல்ல சுத்தி இந்த மரத்துலதாம்மா கட்டுவாங்க, பால் நல்லா ஊறணும்னு. மரம் பூரா தொங்கிக்கினு இருந்துச்சு. உன் வூட்டுக்காரரு அத்தினியும் அறுத்து ஆத்துல போட்டாரு. இதை வெறுங்கிளையா வுடக்கூடாதுமா. நீ இங்க பெத்துக்காத. உங்கம்மா வூட்டுக்குப் போயிடு.”

காந்தா அழாத குறையாய்ப் புருஷனிடம் கெஞ்சினாள். “முசரவாக்கத்துல எங்கம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுடுங்க. இந்த அசிங்கத்துல என் புள்ள பொறக்கக் கூடாது.”

“நாளைக்குப் பத்திரிகைக்காரங்க போட்டோ எடுக்க வராங்க. ஒரு நாள் பொறுத்துக்கமா.”

மறுநாள் விடிந்ததும் இடுப்புவலி கண்டது. வண்டி வருவதற்குள் கங்கையம்மாளின் கையிலேயே குழந்தை விழுந்தது. வீறிட்டு அழுதது. அப்பாடா என்று காந்தா கண்ணை மூடினாள்.

தொப்புள்கொடியை நறுக்கிய கங்கையம்மாள், நஞ்சுக்கொடி விழக் காத்திருந்தாள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். வயிறு காலி. பாயைப் புரட்டினாள், புடவையை உதறினாள்.

எங்கும் இல்லை.

ஹாலில் சொட்டென்றது.

மறுபடியும்.

கிளையில் புது வைக்கோல் மூட்டை தொங்கியது. காந்தாவின் முந்தானைக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தது. அடியில் ஈரம். இன்னும் ஆவி பறந்தது.

தனசேகரன் அன்றே வீட்டைப் பூட்டினான். முசரவாக்கத்தில், அம்மா வீட்டில், காந்தா குழந்தையை மார்பில் போட்டாள். பால் தாராளமாகவே சுரந்தது. காம்பைத் துடைத்த விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. பிசின். அழுகிய வைக்கோல் வாடை அடித்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழந்தையோ மடக் மடக்கென்று குடித்தது.