எழுப்பாமல் விட்ட காமன்

சிவசாமி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தபோது கண்ணாடி வளையல் சிணுங்கியது. அடுப்பை ஊதிக்கொண்டிருந்த ஜீவராணி திரும்பிப் பார்த்தாள். கூத்து முடிந்து இத்தனை நாளாகியும் புருஷன் கையில் வேஷத்து வளையல்.

“ஏங்க, இன்னும் கழட்டலையா?”

“அவரு எந்திரிக்கட்டும். கழட்டிக்கிறேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று அவள் சிரித்து வைத்தாள்.

மாசியில் நடக்கும் காமன் கூத்தில் சிவசாமிதான் எப்போதும் ரதி. சேலை கட்டிவிட்டால் ஜீவராணியைவிட அவன்தான் லட்சணம் என்று தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனமே கேலி செய்யும். காமனை எரிக்கும் சிவன் வேஷம் இந்த வருஷம் அவள் தம்பி சுதாகரனுக்கு. காமனாக நட்ட கம்பத்துக்குத் தீ வைத்தாயிற்று. புருஷனை இழந்த ரதி மண்ணில் புரண்டு ஒப்பாரி வைத்தாயிற்று. செத்த காமனை மறுபடி உயிரோடு எழுப்பவேண்டிய நாளில்தான் மலை சரியும் என்று எச்சரிக்கை வந்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சனமெல்லாம் லிந்துலைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. சிவசாமி மட்டும் அசையவில்லை. அவனைத் தனியாக விட்டுப்போக அவளுக்கு மனம் வரவில்லை.

லயத்தின் பக்கத்துக் காம்பரா வீடுகளில் ஒரு இருமலோ ரேடியோவோ இல்லாமல், தகரத்தில் பனி சொட்டும் சத்தமும் ஈர விறகின் புகையும் எங்கிருந்தோ வந்த கருகிய புல்லின் வாடையும் மட்டும் வீட்டுக்குள் நிறைந்திருக்க, சாயங்காலத்துக்கு முன்பே வெளிச்சம் மங்கியது. பேச ஒரு நாய்கூட இல்லை. அவளுக்கு அழுகை வந்தது.

கண்ணைத் துடைத்துத் திரும்பினாள். சிவசாமி இல்லை. கொடியில் கிடந்த பச்சைச் சேலை இல்லை. மண்ணெண்ணெய்ப் போத்தலும் இல்லை.

சுதாகரன் சோறு கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தானே! ஃபோனை எடுத்தாள்.

“தம்பி, இங்க வந்துராத. ஒங்க மச்சான் ஒரு மாதிரியா இருக்காரு. ஒன்னய ஏதாச்சும் செஞ்சிருவாரு.”

“என்னக்கா சொல்ற? நான் இன்னும் கெளம்பவே இல்ல.”

“அங்கயே இரு சாமி.”

அப்பாடா என்றிருந்தது. தம்பி தப்பித்தான். இனி இவரைத் தேடிக் கூட்டிவர வேண்டும். கூத்து நடந்த காமன் பொட்டலைப் பார்த்து நடந்தாள்.

பனி. கால் தெரியவில்லை. மண்ணெண்ணெய் வாடை.

கம்பம் நட்ட குழிக்குள் சிவசாமி நின்றான். காமன் கம்பத்துக்குச் சுற்றுவதைப் போலவே, பச்சைச் சேலைக்கு மேல் கால் முதல் கழுத்து வரை மானாப்புல்லைத் திரித்த பிரி. கைகளும் உள்ளே. யார் சுற்றியது?

“ஏங்க, வாங்க போயிருவோம்.”

அவன் வாய் திறந்தது. பெண் குரல்.

“ஒன் தம்பிதான என் புருசன எரிச்சான்? அவன் செத்தா ஒனக்கு என் வலி தெரியுமா, புள்ள?”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ரதி கேட்பது தம்பியின் உயிரை அல்ல, புருஷனின் உயிரை. ஓடினாள். பிரியைப் பிடித்து இழுத்தாள். அவிழவில்லை.

அடியில் புகை. பிறகு சின்னத் தீ. பற்றவைக்க அங்கே யாருமில்லை.

“ஏ ராசா, என்னயத் தனியா விட்டுட்டியே...”

சிவசாமியின் வாய்தான் ஒப்பாரி வைத்தது. குரல் ஜீவராணியுடையது.

கத்துவதற்கு அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தீக்கு மேலே அவள் குரல் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தது.