எழுந்திருக்காத ஒருவன்

செல்போன் அலறியபோது, நிரப்பி ஒரு பருத்த மனிதரை இடம் மாற்றி உட்கார வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே உடம்பு வாகுல மூணு பேர் சேர்ந்து உக்காந்தா கேமரா காட்டிக் கொடுத்துரும்ணே. நீங்க இந்தப் பக்கம் வாங்க."

நிரப்பி என்பது அம்மா வைத்த பெயர் அல்ல. தொழில் வைத்த பெயர். டிக்கெட் விற்காத ராக் கச்சேரிகளுக்கு ஆள் கொண்டுவந்து, காலி நாற்காலிகளை நிரப்பித் தருபவள் அவள். முன்பக்கம் காற்று வாங்கினால் மேடையில் பாட்டும் காற்று வாங்கும். அதனால் கச்சேரி நடத்தும் பெரிய மனிதர்கள் எல்லோரும் அவளை ரகசியமாகத் தேடி வருவார்கள். வெளியிடத்தில் பார்த்தால் யாரென்றே தெரியாத மாதிரி போவார்கள். போகட்டும்!

இன்றைக்கு ஸ்டேடியத்தின் மேல் அடுக்கு முழுவதும் கறுப்புத் துணி போர்த்திக் கிடந்தது. அங்கே ஒரு டிக்கெட்கூட விற்கவில்லை என்பதை மறைக்கும் துணி. நடு அடுக்கின் மலிவு இருக்கைகளில் நிஜ ரசிகர்கள் தெளித்தாற்போல உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்கு எதிரே முன் பிளாக்கில் மட்டும் எண்ணூறு நாற்காலிகளும் பொங்கி வழிந்தன.

எண்ணூறு பேரும் நிரப்பியின் ஆட்கள்... என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லோர் மணிக்கட்டிலும் முன் பிளாக்கின் சிவப்புப் பட்டை. எல்லோருக்கும் வாசலிலேயே ஒரு பாடம் நடத்தியிருந்தாள். மஞ்சள் துண்டு அசைந்தால், இருக்கைக்கு உரிய டிக்கெட்காரர் வந்துவிட்டார் என்று அர்த்தம். வாய் திறக்காமல் எழுந்து இடது பக்கமாக வெளியே போய்விட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்டவருக்கு அடுத்த கச்சேரியில் வேலை கிடையாது.

போனில் கைதட்டி. அவளுடைய கூட்டத்தில் மூத்தவர். எந்த இடத்தில் முதல் தட்டு தட்டினால் ஸ்டேடியமே பின்னால் தட்டும் என்று அறிந்தவர்.

"எங்கண்ணே போனீங்க? ரெண்டாவது பாட்டு ஓடிட்டிருக்கு."

"திட்டாதேம்மா... ஒரு சிகரெட் பிடிக்கலாம்னு மேல வந்தேன். கறுப்புத் துணிக்கு அடியில இருக்கேன்." குரலில் பாதி மூச்சு. "இங்க ஒருத்தன் நாற்காலிக்கு அடியிலேருந்து துப்பாக்கி எடுத்தான்மா. கையில நம்ம பிளாக் பட்டை..."

"சட்டை என்ன கலர்?"

தொப்பென்று ஒரு சத்தம். பிறகு போன் எங்கோ உருண்டு போகும் சத்தம்...

நிரப்பி படிகளில் ஓடினாள். பின்னால் ஒரு காவலாளியும் ஓடினான். துணியின் ஓரத்தைத் தூக்கி டார்ச் அடித்ததும் காவலாளி வீறிட்டான்.

"ரத்தம்!"

நாற்காலி வரிசைகளுக்கு நடுவே கைதட்டி குப்புறக் கிடந்தார். பின்னந்தலை பிளந்திருந்தது. நிரப்பி அவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். நாடி இருந்தது.

"ஆம்புலன்ஸைப் பின்வழியா வரச் சொல்லு. சைரன் போட வேண்டாம்."

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. தன்னை நம்பி வந்த மனிதரின் தலையை உடைத்துவிட்டு, தான் நிரப்பிய கூட்டத்துக்கு நடுவிலேயே ஒருவன் போய் உட்கார்ந்திருக்கிறான்!

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில், பந்தோபஸ்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு முழுவதையும் கேட்டார். கிட்டார் சத்தம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. பக்கத்தில் கச்சேரி முதலாளி நின்றார். எந்தக் கச்சேரியைப் பற்றிக் கேட்டாலும் ஹவுஸ்ஃபுல் என்றே சொல்வதால் அவருக்குப் பெயரே ஹவுஸ்ஃபுல்.

கச்சேரியை நிறுத்திவிடலாம் என்றார் இன்ஸ்பெக்டர். ஹவுஸ்ஃபுல் நெஞ்சை நிமிர்த்தினார். எவனோ ஒரு கிறுக்கனுக்குப் பயந்து விளக்கை அணைத்தால் நாளைக்கு எந்தக் கலைஞர் மேடையேறுவார், பாடட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று முழங்கினார். அந்த நிமிடத்தில் நிரப்பிக்கே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் கேட்டார். "சிவப்புப் பட்டை உங்க ஆளுங்களுக்கு மட்டும்தானா?"

"டிக்கெட் வாங்கினவங்களுக்கும் வாசல்ல கட்டுவாங்க சார். யாராவது வாங்கியிருந்தா." நிரப்பி ஹவுஸ்ஃபுல்லைப் பார்த்தாள். "முன் பிளாக்ல நிஜ டிக்கெட் எத்தனை போச்சு?"

"ஒண்ணுகூட இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"என் வயித்தெரிச்சலைக் கிளப்பாதேம்மா. முன் பிளாக்ல ஒரே ஒரு டிக்கெட்கூட விக்கலை. போதுமா?"

போதும். நிரப்பி அதை மனதில் முடிந்துகொண்டாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பாடகி வந்தாள். வேர்வையில் குளித்திருந்தாள். ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "என்ன, எல்லார் மூஞ்சியும் இப்படி இருக்கு?" என்றாள்.

பாடகி... நிரப்பியின் தங்கை.

டிக்கெட் போகவில்லை என்று ஊரே சிரித்தபோது அவள் அக்காவிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். உன் ஆட்கள் ஒருத்தர்கூட என் கச்சேரிக்கு வரக் கூடாது. காலி நாற்காலியைப் பார்த்துப் பாடினாலும் பாடுவேன், கூலிக் கைதட்டல் வேண்டாம். நீ மட்டும் வந்து பார்த்தால் போதும். நிரப்பி சரி என்று தலையாட்டினாள். மறுநாளே ஹவுஸ்ஃபுல்லிடம் பேசி முன் பிளாக் முழுவதற்கும் ஆள் பிடித்தாள். தங்கையின் கண் முன்னால் காலி நாற்காலி இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

துப்பாக்கி என்று இன்ஸ்பெக்டர் சொன்னதும் பாடகியின் முகம் வெளுத்தது. அடுத்த நொடியே சிவந்தது.

"நான் இறங்க மாட்டேன் சார்."

"உயிரைப் பத்திப் பேசறேன்மா."

"நானும் அதைத்தான் பேசறேன். என் பாட்டுக்கு ஆளே வராதுன்னு எழுதினாங்க. முன்னாடி பாத்தியாக்கா? ஒரு நாற்காலி காலி இல்லை! எனக்காக வந்தவங்களை விட்டுட்டு நான் மட்டும் பின்வழியா ஓடணுமா?"

நிரப்பி வாயைத் திறப்பதற்குள் தங்கை கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டாள். வெளியே முன் பிளாக் ஆரவாரித்தது. நிரப்பி சொல்லிக்கொடுத்த ஆரவாரம்.

"எப்ப சுடுவான்?" இன்ஸ்பெக்டர் தனக்குள் முணுமுணுத்தார்.

"மூணாவது பாட்டுல," என்றாள் நிரப்பி. "கூட்டத்துக்கு நடுவுல நீட்டிக் கட்டின மேடை இருக்குல்ல, அதுல நடந்து முன் பிளாக் வரைக்கும் வருவா. எல்லாக் கச்சேரியிலயும் அப்படித்தான்."

"எண்ணூறு பேர்ல அவனை எப்படிக் கண்டுபிடிக்கிறது? போலீஸ் உள்ள நுழைஞ்சா சுட்டுடுவானே."

"எனக்கு அத்தனை பேரோட முகமும் தெரியாது சார். ஆனா என் ஆளா இருந்தா எழுந்திருப்பான்."

"என்னது?"

"உங்க ஆளுங்களை மஃப்டியில ரெண்டு ஓரத்துலயும் நிக்க வைங்க. எழுந்திருக்காதவனைப் பிடிங்க."

ஹவுஸ்ஃபுல்லின் நெற்றியில் ஏனோ வேர்வை முளைத்தது. வேண்டாம், கூட்டம் கலைந்தால் மானம் போய்விடும், நேரடி ஒளிபரப்பு வேறு என்று தடுத்தார். நிரப்பி காதில் வாங்கவில்லை. மானம் போகப் போகிறது என்பது அவளுக்கும் தெரியும். தங்கையின் மானம், தன் கையாலேயே! தங்கை இனி தன் முகத்தில் விழிக்காமல் போகலாம். விழிக்காமல் போகட்டும். உயிரோடு இருக்கட்டும்!

மூன்றாவது பாட்டு தொடங்கியது. டிரம்ஸ் இடி மாதிரி விழுந்தது.

பாடகி நீள்மேடையில் முதல் அடி வைத்தாள்.

அதே நேரத்தில் நிரப்பி ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் ஏறினாள். தங்கைக்கும் கூட்டத்துக்கும் நடுவே, குண்டு வந்தால் முதலில் தன்மேல் படும் இடத்தில் நின்று, மஞ்சள் துண்டை உயர்த்தி ஆட்டினாள்.

முன் பிளாக் எழுந்தது.

ஒரு கேள்வி இல்லை. ஒரு முணுமுணுப்பு இல்லை. வரிசை வரிசையாக எழுந்து, இடது பக்கமாக ஒழுங்காக நடந்தார்கள். நாற்காலிகள் படபடவென்று மடிந்தன. மேடையின் இருபக்கமும் இருந்த பெரிய திரைகளில் உலகமே அதைப் பார்த்தது.

பாட்டு நடுவில் அறுந்தது. பாடகி சிலையாக நின்றாள்.

எட்டாவது வரிசையின் நடுவில், சாம்பல் நிற ஜாக்கெட் போட்ட ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

ரசிகர்கள் எழுந்து ஆடப் போகிறார்கள் என்றுதான் அவன் நினைத்தான். ஆடவில்லை. அவன் வலது பக்கம் பார்த்தான். யாரும் இல்லை. இடது பக்கமும் யாரும் இல்லை. கை ஜாக்கெட்டுக்குள் போனது...

"அவன்தான்!" நிரப்பி கத்தினாள்.

இரண்டு மஃப்டி போலீஸ்காரர்கள் நாற்காலிகளைத் தாண்டிப் பாய்ந்தார்கள். டுமீல்! குண்டு மேலே போய் ஒரு விளக்கை நொறுக்கியது. அடுத்த குண்டுக்கு வழியில்லாமல் அவன் தரையோடு தரையாக அமுங்கினான்.

பாடகி வெறிச்சென்று கிடந்த நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைக் திறந்தே இருந்தது.

"அக்கா... அத்தனை பேரும் உன் ஆளா?"

எல்லோருக்கும் கேட்டது. நிரப்பி தலையைக் குனியவில்லை.

"ஆமாடி. அத்தனை பேரும் நான் கூட்டிட்டு வந்தவங்க."

பாடகியின் உதடு துடித்தது. அவள் அழப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூரத்தில் இருந்த நடு அடுக்கை நிமிர்ந்து பார்த்தாள்.

"காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவங்க கையைத் தூக்குங்க."

அங்கங்கே கைகள் எழுந்தன.

"அவ்வளவு தூரத்துல உக்காந்து என்ன பண்றீங்க? இறங்கி வாங்க. இந்த நாற்காலியெல்லாம் உங்களுது. நான் வீட்டுக்குப் போறதா இல்லை!"

இன்ஸ்பெக்டர் கையை ஆட்டி ஏதோ சொன்னார். யார் கேட்டார்கள்? நடு அடுக்கு உடைந்துகொண்டு கீழே இறங்கியது. வந்தவர்களால் முன் பிளாக்கில் பாதிகூட நிரம்பவில்லை. பாடகி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மூன்றாவது பாட்டை முதலிலிருந்து பாடினாள், தொண்டை கிழிய. பாட்டு முடிந்தபோது நிரப்பி எந்தச் சைகையும் காட்டவில்லை. கைதட்டல் தானாக வந்தது. அவளும் தட்டினாள், உள்ளங்கை எரியும்வரை.

மேடைக்குப் பின்னால் விசாரணை நடந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் விலங்கு மாட்டியவனின் பாக்கெட்டிலிருந்து ஒரு சீட்டை உருவினார்.

முன் பிளாக் டிக்கெட். அசல்!

நிரப்பி மெதுவாகத் திரும்பினாள்.

"ஒண்ணுகூட விக்கலைன்னு சொன்னீங்களே?"

ஹவுஸ்ஃபுல் எச்சில் விழுங்கினார். "யாரோ... ஆன்லைன்ல வாங்கியிருப்பாங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆன்லைனா?" விலங்கு மாட்டியவன் கொதித்தான். "உங்க கையாலதானே சார் கொடுத்தீங்க! துணிக்கு அடியில துப்பாக்கியை வெச்சிருக்கேன்னு சொன்னதும் நீங்கதானே? என்னை வேலைக்கு வெச்சுட்டு, உள்ள வர டிக்கெட்டுக்கு என்கிட்டயே முழுக் காசு வாங்கினீங்க. ஒரு ஃப்ரீ பாஸ் கொடுக்க மனசு வந்துதா உங்களுக்கு?"

இன்ஸ்பெக்டருக்குச் சட்டென்று எல்லாம் புரிந்தது. டிக்கெட் விற்காமல் கச்சேரி படுத்தால் இன்ஷூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். பாடகி மேடையிலேயே செத்தால் விரிக்க முடியாது. நெஞ்சை நிமிர்த்திப் பாடட்டும் என்று முழங்கியதன் ரகசியம் அதுதான்! ஹவுஸ்ஃபுல்லை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. கைதட்டி கண் விழித்துவிட்டார். விழித்ததும், முதல் தட்டு யார் தட்டியது என்று கேட்டாராம்.

கடைசிப் பாட்டு முடிந்து பாடகி வந்தாள். அக்காவின் எதிரே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னொரு தடவை என் கச்சேரிக்கு ஆள் கூட்டிட்டு வந்தே... பேசவே மாட்டேன்."

"கூட்டிட்டு வரலை. போதுமா?"

கோபம் அதற்குமேல் தாங்கவில்லை. பாடகி அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள். சின்னக் குரலில் கேட்டாள்.

"நிஜத்தைச் சொல்லுக்கா. முன் பிளாக்குல காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவங்க ஒருத்தர்கூடவா இல்லை?"

நிரப்பி அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"ஒருத்தன் வாங்கினான்டி. அவனையும் போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடுச்சு!"