ஏழாம் தளத்து ஓதம்

கண் விழித்ததும் குழலி செய்த முதல் வேலை, இரவெல்லாம் தானும் மகளும் விட்ட மூச்சை ஒப்படைத்ததுதான். படுக்கையறைச் சுவரில் பதித்திருந்த மூச்சுக்கலம் அந்த ஈரத்தைக் குளிர்வித்து நீராக்கி வைத்திருந்தது. அதைப் பொதுக்குழாயில் ஊற்றிய பிறகே காலைக் காபிக்குத் தண்ணீர் வரும். செவ்வாயின் செங்குத்துச் சரிவில், பாறையைக் குடைந்து எழுப்பிய அந்த அடுக்ககத்தில் வேறு நீர் கிடையாது. பூமியிலிருந்து முன்னோர் கொண்டுவந்த அதே நீரைத்தான் மூன்று தலைமுறையாகக் குடித்தும் வியர்த்தும் அழுதும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், ஏழாம் தளத்திலிருந்த குழலியின் படுக்கையறைக் கூரை ஒழுகியது.

பாறையும் தளமும் சேரும் மூலையில் தொடங்கிய ஓதம் மெல்லப் பரவி, கருத்து, பூஞ்சையாகப் பூத்திருந்தது. அதுமுதல் மகள் யாழுக்கு நெஞ்சில் இழுப்பு. கூரை காயாவிட்டால் குழந்தையை உலர்விடுதிக்கு அனுப்பத்தான் வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அங்கே போன பிள்ளைகளைப் பெற்றவர்கள் கண்ணாடிக்கு இப்புறம் நின்றுதான் பார்க்கலாம், தொட முடியாது.

குழலி மேல்வீட்டுக்குப் போனாள். ஞானப்பிரகாசம் கதவைப் பாதி திறந்தபடியே பேசினார்.

"எங்க வீட்ல ஒரு சொட்டு குறையலம்மா. குறைஞ்சா தண்ணி மானி கத்திடும். நீங்க வெந்நீர் வைக்கிறப்போ ஆவி போய்ப் படியுதோ என்னவோ."

"ஆவியா சார்? கட்டில் நனையுது. எம் பொண்ணு உக்காந்துக்கிட்டே தூங்குறா."

"பாவந்தான். அதுக்காக எங்க வீட்டுத் தண்ணின்னு நான் ஒத்துக்க முடியுமா? அசோசியேஷன்ல சொல்லுங்க."

பூமியைவிட்டுப் புறப்பட்டபோது மனிதர்கள் கடலையும் மழையையும் விட்டுவந்தார்கள். அடுக்ககச் சங்கத்தை மட்டும் பத்திரமாக மடித்து எடுத்துவந்திருந்தார்கள். தலைவி லூர்துமேரி சட்டத்தைப் பொறுமையாகவே விளக்கினாள். தளத்தின் மேற்பாதி மேல்வீட்டாருடையது, கீழ்ப்பாதி கீழ்வீட்டாருடையது, நடுவே ஓடும் குழாய் சங்கத்துடையது.

"குழாய் நல்லா இருக்கு. உங்க பாதியை நீங்க பூசிக்கங்க. யாரு வேணாம்னா?"

"மூணு தடவை பூசிட்டேன் மேடம். பூச்சோட பேத்துக்கிட்டு வருது. கசிவறிவானை அனுப்புங்களேன்."

தலைவி அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். கசிவறிவான் என்பது விரற்கடை அகல விரிசலிலும் நுழைந்து நீரின் பிறப்பிடத்தைக் கண்டுவரும் எந்திரப் பூச்சி. அதைக் கொண்டு ஆராய்வது எளிது, அழைப்பதுதான் கடினம். அழைத்தவரே அந்தக் கசிவுக்குப் பொறுப்பாளர் என்பது சங்கத்தின் விதி. ஆகவே அந்தப் பூச்சி பல ஆண்டுகளாக அலமாரியிலேயே உறங்கிக்கொண்டிருந்தது.

"நல்லா யோசிச்சுக்கோ குழலி. அப்புறம் எது வந்தாலும் உன் தலையிலதான்."

"என் தலையிலயே இருக்கட்டும் மேடம். சீலிங் காஞ்சா போதும்."

பூச்சி ஓதத்தின் மூலையில் நுழைந்து நெடுநேரம் கழித்து வெளியே வந்தது. ஈரமான அதன் முதுகைக் குழலி துணியால் ஒற்றிக்கொண்டிருந்தபோது, அது உணர்ச்சியற்ற குரலில் அறிவித்தது: "இது எந்த வீட்டு நீரும் அன்று. எவர் உடலிலும் இதுவரை புகாத நீர். பாறைக்குள் உறைந்திருந்த பனி, இந்த அடுக்ககத்தின் வெப்பத்தால் உருகி வருகிறது."

இந்தச் சரிவில் பனியே இல்லை என்று ஆய்வாளர்கள் கைகழுவிவிட்டுப் போய் நெடுங்காலமாகியிருந்தது. செய்தி படியேறும் முன்பே ஞானப்பிரகாசம் படியிறங்கி வந்துவிட்டார்.

"எங்க அடுப்பு அந்தச் சுவத்தோரமாத்தான் இருக்கு. உருக்கினது எங்க சூடுதான்!"

"எங்க வீட்ல ஆறு பேரு சார்," என்றார் கீழ்த்தளத்துக்காரர். "உங்க அடுப்பைவிட எங்க உடம்புச் சூடு ஜாஸ்தி."

"நேத்துவரைக்கும் அந்தச் சுவர் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதுன்னீங்களே, ரெண்டு பேரும்!" என்று யாரோ பின்னாலிருந்து கேட்க, கூட்டம் சிரித்தது. ஆனால் சிரித்தவர்களும் தத்தம் வீட்டுச் சூட்டைப் பற்றிச் சொல்ல வரிசையில் நின்றுகொண்டார்கள்.

அன்றே சங்கம் கூடியது. நீர் எல்லோருக்கும் பொது என்பது ஒருமனதாக முடிவாயிற்று. குழலி எழுந்தாள்.

"எனக்கு அதுல பங்கே வேண்டாம். பாறைக்குள்ளயே ஒரு துளை போட்டு, வெளி நடையில பிடிச்சுக்கங்க. என் கூரையை விட்டுருங்க."

நியாயமான வழி என்று பலர் தலையசைத்தார்கள். லூர்துமேரி மட்டும் அமைதியாகக் கேட்டாள்: "துளை போடுறப்போ ஊத்து அடைச்சுக்கிட்டா யாரு பொறுப்பு?"

தலைகள் அசைவதை நிறுத்தின. ஒருவர் காலணியின் வாரைச் சரிசெய்தார். ஞானப்பிரகாசம் கூரையைப் பார்த்தார். எவரும் பொறுப்பேற்க முன்வராததால், சொட்டு விழும் இடத்திலேயே விழட்டும், அங்கேயே வந்து பிடித்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். கூரையின் கறை, பூஞ்சை, பூச்சு ஆகியவை மட்டும், பூச்சியை அழைத்தவர் என்ற முறையில், குழலியின் பொறுப்பாக நீடித்தன.

மறுவாரம் யாழ் உலர்விடுதிக்குப் போனாள். கண்ணாடிக்கு அப்பால் குழந்தை தன் மார்பைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள், இழுப்பு இல்லையாம். எப்போது வீட்டுக்கு வரலாம் என்று உதடசைத்துக் கேட்டாள். குழலிக்குக் காது கேட்காதது போல் நிற்பது எளிதாயிருந்தது; கண்ணாடி தடிமனானது.

திரும்பி வந்தபோது வீட்டுக்கதவு திறந்து கிடந்தது. படுக்கையறையில் யாழின் கட்டிலைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, கிண்ணமும் குவளையுமாக எல்லாத் தளத்தாரும் நின்றிருந்தார்கள். வரிசையின் முதலில் நின்ற ஞானப்பிரகாசம் அவளைக் கண்டதும் முகம் சுளித்துத் தரையைக் காட்டினார்.

"என்னம்மா இது, ஒரே ஈரம்! பெரியவங்க வந்து போற இடம். யாராவது வழுக்கி விழுந்தா யாரு பொறுப்பு? ஒரு துணி எடுத்துத் துடைங்க. உங்க வீடுதானே."