மாப்பிள்ளை அறைக்குக் கதவில்லை

வழுக்கியது மஸீஹாவின் தப்பா, மழையின் தப்பா என்று இன்று வரை தீர்ப்பாகவில்லை.

யட்டவத்த வீதியில் வாப்பா வாங்கிப் போட்டிருந்த காணி அப்படி ஒரு செங்குத்து. பலாவும் கொக்கோவும் மண்டிக் கிடந்தன. வாப்பாவோடு பார்க்கப் போனவள் சறுக்கினாள்... கைக்கு அகப்பட்டது மண்ணில் அடித்திருந்த முளைக்குச்சி ஒன்று. அது கையோடு வந்துவிட்டது. அடுத்ததைப் பிடித்தாள், அதுவும் வந்தது. ஐந்து குச்சிகளையும் அவற்றில் கட்டியிருந்த அளவு நூலையும் இழுத்துக்கொண்டுதான் ஒரு பலா மரத்தடியில் போய் நின்றாள்.

"மூணு நாள் அளந்தது" என்றது ஒரு குரல்.

நிமிர்ந்தாள். குடையில்லாமல், காற்சட்டையைச் சுருட்டிவிட்டு, காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியாமல் ஒருவன் நின்றான். இமையில் மழை சொட்டியது. அந்தக் கண்கள்... சே, அழகான கண்ணில் இவ்வளவு கோபமா? ஒருத்தி விழுந்திருக்கிறாள், அடிபட்டதா என்று கேட்கத் தோன்றவில்லை, குச்சியைப் பார்க்கிறான்.

"ஒழுங்கா அடிச்சிருந்தா வந்திருக்காது" என்றாள்.

அவன்தான் நுஹ்மான், வாப்பா கண்டியிலிருந்து பிடித்து வந்த, வீட்டுக்குப் படம் வரைகிறவன். வீடு மஸீஹாவுக்கு. பெண்ணுக்கு வீடு முதலில், மாப்பிள்ளை பிறகு. மிளகு வியாபாரியான வாப்பா ஸக்கரியா முதலாளியும் அந்த ஊர் ஒழுங்கில்தான் போனார். அறுபத்தைந்தாம் வருஷத்துக்கு ஏற்ற மாடர்ன் வீடாக இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கு ஆபீஸ் அறை ஒன்று கட்டாயம் வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

முதல் படம் வந்ததும் மஸீஹாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும்படி கண்ணாடி ஜன்னல்கள் முன் ஹோலுக்கு. குசினிக்கு வெட்டிய மண்மேடு! பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினாள்: 'விருந்தாளி ஒரு மணி நேரம் இருப்பார். நாள் முழுக்கக் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கப்போவது நான். மண்சுவரையா பார்ப்பது?'

சுருட்டிய படம் வாப்பாவின் கக்கத்தில் கண்டிக்குப் போனது. அவருக்கு அதில் தலைகால் தெரியாது, ஓரத்தையா படிக்கப் போகிறார்? திரும்பி வந்தபோது குசினி பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பலா மரத்தை வெட்டக்கூடாது என்று அடுத்து எழுதினாள். வீட்டையே இரண்டு தட்டாக இறக்கி வரைந்து அனுப்பினான். கீழே பொடி எழுத்தில், 'மரம் இருக்கட்டும். நீங்கள் மறுபடி விழுந்தால் பிடிக்க வேண்டுமே.'

திமிர் பிடித்தவன். அந்த வரியை ஒன்பது தடவை படித்தாள்.

ஆனால் வீடு அழகாக அழகாக, அந்த ஆபீஸ் அறைக்கு மட்டும் ஏதோ சீக்கு வந்ததுபோல் இளைத்துக்கொண்டே போனது. முதல் படத்தில் பன்னிரண்டடி, இரண்டு ஜன்னல். பிறகு பத்தடி, ஒரு ஜன்னல். பிறகு எட்டடி, ஜன்னலே இல்லை. நாலாவது படம் வந்த அன்று வாப்பா இன்னொன்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை கலேவெலயிலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம். அவர்களுக்குப் படத்தையும் காட்ட வேண்டுமாம்.

படத்தை விரித்தவள் தலையில் கைவைத்தாள். ஐந்தடி அறை. கதவே இல்லை.

அடுத்த நாள் காணியில் வாப்பா கீழே முத்துவீரன் மேசனோடு மண் சரியாமல் வைக்கும் அணைக்கல்லைப் பற்றி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மஸீஹா பலா மரத்தடியில் நுஹ்மான் முன்னால் படத்தை விரித்துப் பிடித்தாள். தூறல் தொடங்கியிருந்தது.

"மாப்பிள்ளை எப்படி உள்ள போவாரு?"

"போக வேணாம்" என்றான் நுஹ்மான்.

"என்ன...?"

அவன் அவளைப் பார்க்கவில்லை, மழையைப் பார்த்தான். "குசினி வரையிறப்போ நீங்க அதில நிக்கிறது தெரியுது. வேற ஒருத்தர் அந்த வீட்டுக்குள்ள நடக்கிறத வரையக் கை வரல்ல. வேணும்னு செய்யல்ல, மஸீஹா... ஒவ்வொரு தடவையும் சுருங்கிப் போகுது."

எத்தனை மாதக் கோபம்... படத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இத வாப்பாகிட்ட சொல்றதுக்கென்ன?"

வேலைக்கு வந்த வீட்டில் பெண் கேட்டால், வீட்டுக்கு ஆசைப்பட்டு வந்தவன் என்று ஊர் பேசாதா என்றான். தனக்கும் ரோசம் இருக்கிறதாம். மஸீஹாவுக்கு அந்த ஐந்து குச்சிகளாலும் அவனை அடிக்கலாம்போல் இருந்தது. ரோசக்காரர், கதவில்லாத அறைக்குள் ஊரான் பிள்ளையை வைத்துக் கட்டப் பார்த்தவர்!

அவன் சட்டைப்பையிலிருந்த பென்சிலை உருவினாள். மரத்தில் படத்தை வைத்து அழுத்தி எழுதினாள்: பன்னிரண்டடி. இரண்டு ஜன்னல். கதவு. படம் வரைகிற மேசை ஒன்று.

"வெள்ளிக்கிழமைக்கு முன்ன வாப்பாவுக்கு நீங்களே விரிச்சுக் காட்டுங்க. சுருட்டிக் குடுக்கக் கூடாது."

அவன் எழுத்தைப் பார்த்தான்... அவளைப் பார்த்தான். பிறகு படத்தை எடுத்துக்கொண்டு வாப்பாவிடம் சரிவில் இறங்கினான். வழியில் ஒரு தடவை வழுக்கினான், குச்சியைப் பிடித்தான், குச்சி கையோடு வந்தது. மஸீஹா முக்காட்டுக்குள் சிரிப்பை அடக்கினாள்.

வாப்பா வழக்கம்போல் படத்தைத் தலைகீழாகப் பிடித்தார். நுஹ்மான் அதை நேராக்கிக் கொடுத்தான். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"மாப்பிள்ளை ரூமில என்னத்துக்கு மகன் இவ்வளவு பெரிய மேசை?"

"நான் வரையிறதுக்கு, முதலாளி" என்றான் அவன்.

வாப்பா படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மேலே பலா மரத்தடியில் நனைந்துகொண்டிருந்த மகளைப் பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள், ஆனால் மரத்தை விட்டு நகரவில்லை.

"அப்ப அந்தக் குச்சியக் கொண்டுபோய்த் திரும்ப அடிங்க" என்றார் ஸக்கரியா முதலாளி. "இந்தத் தடவ ஆழமா."