என் தங்கைக்கு நாற்பத்தேழு வயது

"காதுல படாம பூசுண்ணே. போன தடவை ஒரு வாரம் காது கறுப்பா இருந்துச்சு."

"தலைய ஆட்டாம இருட்டி."

வடிவு சமையலறை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, தோளில் பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் நின்று சாயம் பூசிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவளுக்கு நேர்காணல். உதவிப் பேராசிரியர் பதவி, நிரந்தரப் பணி. விண்ணப்பத்தில் அவள் வயது இருபத்தாறு. அது பொய்யில்லை. பிறந்த தேதிக்கு அவ்வளவுதான். உடம்புக்கு நாற்பத்தேழு.

எனக்கு இருபத்தொன்பது. நான் அவளுடைய அண்ணன்.

"நரைச்ச தலையோட போனா என்ன? அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா விளம்பரத்துல இளம் ஆய்வாளர்னு போட்டிருக்காங்கல்லா. இளமையா தெரியணும்."

"நெத்திச் சுருக்கத்துக்கு என்ன பூச?"

"அது சிந்தனைன்னு நெனச்சுக்கிடுவாங்க."

விரிகாலக்கூடம் வந்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆய்வு மாணவர்கள் அதைக் கூடு என்றுதான் சொல்வார்கள். ஓர் ஆள் வாழப் போதுமான வீடு, சுற்றிலும் காலவிரிப்பி. அது ஓடும்போது உள்ளே ஓர் ஆண்டு கழிய, வெளியே ஒரு வாரம்தான் கழியும். முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டு தேவையென்றால் ஐந்தாண்டுச் சாப்பாட்டையும் புத்தகங்களையும் ஏற்றிக்கொண்டு உள்ளே போக வேண்டியது. வெளியே இருப்பவர்கள் ஐந்து வாரம் காத்திருந்தால் போதும். குடும்பத்தைப் பிரிய வேண்டாம், இளமை வீணாகாது என்றுதான் முதலில் விளம்பரம் செய்தார்கள். குடும்பத்துக்கு அது உண்மைதான்.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே என் பைண்டிங் கடை. கூடு வருவதற்கு முன்பு மாதத்துக்குப் பத்து ஆய்வேடு வந்தால் பெரிது. பிறகு ஒரு நாளைக்கே நாற்பது வந்தது. எல்லாம் கணக்கும் தத்துவமும் கோட்பாடுகளும்தான். மழையையோ பூச்சியையோ பயிரையோ கூட்டுக்குள் உட்கார்ந்து ஆராய முடியாது. ஒரு பருவம் காத்திருந்து பார்க்க வேண்டிய பாடங்களை எடுப்பவர்கள் இல்லாமல் போனார்கள். நான் தைத்துக் கொடுத்த ஏடுகள் நூலகத்தில் அடுக்கடுக்காக இருந்தன. ஒரு புத்தகத்தை யாராவது விரித்திருந்தால் முதுகில் ஒரு மடிப்பு விழும். அங்கே ஒன்றிலும் மடிப்பில்லை. எழுதத்தான் கூடு இருந்தது. படிக்கிறவர்கள் வெளியே இருந்தார்கள். அவர்களுக்கு நாள் என்பது பழைய நாள்தான்.

வடிவு முதல் தடவை உள்ளே போனபோது அவளுக்கு இருபத்துமூன்று. முடிச்சுகளைப் பற்றிய ஒரு கணக்கு. ஐந்து ஆண்டு தனியாக உட்கார்ந்து அதை அவிழ்த்தாள். ஐந்தாம் வாரம் புதன்கிழமை வெளியே வந்தாள். அதே நிரூபணத்தோடு திங்கட்கிழமை புனேயில் ஒருவர் வெளியே வந்திருந்தார். செவ்வாய்க்கிழமை சியோலில் ஒரு பெண். எல்லாரும் ஒரே புத்தகங்களைப் படித்துவிட்டு ஒரே மாதத்தில் உள்ளே போனவர்கள். வேறெங்கே போய்ச் சேர்வார்கள்? பட்டம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை.

வேலைக்குப் பத்துக் கட்டுரை போதும் என்றிருந்தது நாற்பதாயிற்று, பிறகு தொண்ணூறாயிற்று. ஆனால் வயது வரம்பு பிறந்த தேதிப்படிதான், இருபத்தெட்டு. அதனால் திரும்பத் திரும்ப உள்ளே போனார்கள். அவளும் போனாள். ஒவ்வொரு முறையும் கதவு திறக்கும்போது என் தங்கையைப் போல ஜாடையுள்ள, இன்னும் கொஞ்சம் வயதான ஒரு பெண் வெளியே வந்து "அண்ணே" என்பாள்.

நேர்காணலுக்குப் பேருந்தில் போனோம்.

"ஏட்டி, சன்னல் பக்கமா உக்காரு. வேர்த்தா சாயம் வழியும்."

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு என்னை முறைத்தார். "என்னய்யா, பெத்த தாயை ஏட்டிங்கீரு? சோறுதான திங்கீரு?"

வடிவு சிரித்துவிட்டாள். "எங்க அண்ணன்தான்யா. சின்னதுலேருந்து அப்படித்தான் கூப்பிடும்."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரல் இறங்கியது. "கூடா?"

அவள் தலையசைத்தாள்.

"எம் மகளும் உள்ளதான் இருக்கா. வெள்ளிக்கிழமை வாரா. வெளிய வரும்போது அவளுக்கும் அவ அம்மைக்கும் ஒரே வயசு." பிறகு முன்னால் போய் யாரையோ காரணமில்லாமல் திட்டினார்.

நேர்காணல் அறையிலிருந்து அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். வேப்பமரத்தடியில் நின்று, அவர்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"'ஏழு மாசம் வெளிய இருந்திருக்கீங்களேம்மா, ஏன்?'னு கேட்டாங்க. அண்ணனுக்கு மஞ்சக்காமாலை, பாத்துக்கிட ஆள் இல்லன்னு சொன்னேன். 'நல்லது, நல்லது. ஆனா நீங்க கஞ்சி காய்ச்சிக்கிட்டிருந்த நேரத்துல துறை முப்பது வருஷம் முன்னால போயிருச்சே'ன்னாரு ஒருத்தர்."

அதுதான் கூட்டின் கணக்கு. வெளியே நடக்கும் எதுவும் இடைவெளிதான். கல்யாணம், காய்ச்சல், பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடித்தது, எல்லாமே. ஒவ்வொரு வாரமும் மற்றவர்கள் ஓர் ஆண்டு முன்னால் போய்விடுவார்கள்.

"உங்கட்டுரையெல்லாம் படிச்சிருந்தாங்களா?"

"எண்ணியிருந்தாங்க."

பத்து நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அதற்குள் பன்னிரண்டு புதிய கட்டுரைகள் காட்டினால் பதவி அவளுக்கு. இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்கு.

"போகாதட்டி. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுத. நம்ம கடையில இரு."

"இருபத்தோரு வருஷம் உள்ள கெடந்துட்டு, இப்பப் பசை தடவச் சொல்லுதியா?"

"எம்பசைக்கு என்னட்டி கொறச்சல்?"

"ஒண்ணுமில்ல. எனக்குத்தான் கொறச்சல். அண்ணே, உள்ள போயி எத்தனை வருஷம் யாருகிட்டயும் வாய்விட்டுப் பேசாம இருந்திருக்கேன் தெரியுமா? நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிக்கிடுவேன். இந்த வேலை கெடைச்சா வகுப்பு நடத்தலாம். பிள்ளைங்க வெளியதான இருக்கும்? அதுக்கப்புறம் கூட்டுப் பக்கமே போக வேண்டாம். வெளிய இருக்கதுக்குத்தான் இப்ப உள்ள போறேன்."



செவ்வாய்க்கிழமை அவளுடைய நெறியாளர் ஹெப்சிபா மேடம் வழியனுப்ப வந்திருந்தார். மேடம் உள்ளே போனதே இல்லை. கூடு வருவதற்கு முன்பே பணியில் சேர்ந்தவர். வடிவு முதலில் அவரிடம் சேர்ந்தபோது மேடத்துக்கு நாற்பத்தொன்று. இப்போது நாற்பத்துநான்கு.

"மாத்திரையெல்லாம் எடுத்துக்கிட்டியா வடிவு?" என்றவர், உடனே "எடுத்துக்கிட்டீங்களா?" என்றார். பிறகு கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எப்படிக் கூப்பிடன்னே தெரியல" என்றார்.

"ஏட்டின்னே கூப்பிடுங்க மேடம். அண்ணன் கோவிச்சுக்கிட மாட்டான்."

கதவு மூடியது.

உள்ளேயிருந்து எழுத்துச் செய்தி மட்டும் அனுப்பலாம். அவள் வாரத்துக்கு ஒன்று எழுதுவாள். எனக்கு அது நாளுக்கு ஏழெட்டாக வரும். ஒன்றைப் படித்து, பசைக் கையைக் கழுவி, பதில் எழுதி அனுப்புவதற்குள் அவளுக்கு ஒரு பகல் போயிருக்கும். குளிக்கப் போய் வந்தால் இரண்டு நாள். தூங்கி எழுந்தால் இரண்டு வாரத்துக்கு மேல் போயிருக்கும். "நல்லாத் தூங்கினியா?" என்று அங்கிருந்து கேட்பாள்.

வெள்ளிக்கிழமை முற்பகல், கடையில் காகித ஓரம் வெட்டிக்கொண்டிருந்தேன். செய்தி வந்தது.

"அண்ணே, நெஞ்சு வலிக்கி. மணி அடிச்சிட்டேன். பயப்படாத."

அவசர மணி அடித்த நொடியிலேயே காவல் அறையில் இருந்தவர் காலவிரிப்பியை நிறுத்தியிருந்தார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது சுழன்று அடங்க நான்கு நிமிடம் ஆகும். அடங்குவதற்கு முன் கதவைத் திறந்து யாராவது காலை வைத்தால், காலில் ஒரு வேகத்திலும் தலையில் ஒரு வேகத்திலும் ரத்தம் ஓடும். ஆகவே நான்கு நிமிடம் யாரும் நுழைய முடியாது. உள்ளே அது மூன்றரை மணி நேரம்.

நான் பலகைக்கு அடியில் செருப்பைத் தேடினேன். ஒன்று கிடைத்தது, இன்னொன்றைக் காணோம். கைபேசி மறுபடி அதிர்ந்தது.

"அரை மணி நேரம் ஆச்சு. இப்ப நீ செருப்பைத் தேடிக்கிட்டிருப்ப."

வெறுங்காலோடு ஓடினேன்.

"ரோட்டைப் பாத்துத் தாண்டு. லாரி வரும்."

லாரி வந்தது.

"உக்காந்தா கொஞ்சம் கொறையுது. மாத்திரை போட்டுக்கிட்டேன். ஏழாவது கட்டுரைய மேடத்துக்கு அனுப்பிட்டேன், சும்மா இருந்தா பயமா இருக்குன்னு."

"நீ பதில் எழுத நிக்காத. ஓடி வா. எழுதினா எனக்கு நேரமாவும்."

வாசலில் காவலாளி அடையாள அட்டை கேட்டார். நான் கத்தினேன். அவரும் கத்தினார். அப்போது வந்ததுதான் கடைசிச் செய்தி.

"கேட்டுக்கு வந்திருப்ப. விட மாட்டான். சண்டை போடாதண்ணே, அவனும் பாவம்."

காவலாளி வழிவிட்டு நான் கூட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் கதவு திறந்தது; மருத்துவர்தான் முதலில் உள்ளே போனார். வடிவு நாற்காலியைக் கதவுக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு சில்லிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார் மருத்துவர். என் கைபேசியில் அவளுடைய கடைசிச் செய்தி வந்து அப்போது இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து நாளுக்கு முன் நான் பூசிய கறுப்புக்கு அடியில் மூன்று விரல் அளவுக்கு வெள்ளை வளர்ந்திருந்தது.

பதவி, பட்டியலில் அடுத்தவருக்குப் போயிற்று. அவர் ஐம்பத்திரண்டு வயதுக்காரர், சான்றிதழில் இருபத்தேழு. கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

செய்தித்தாள்களில் எழுதினார்கள். வேறு ஊர்களிலும் இப்படி நடந்திருப்பது வெளியே வந்தது. அரசு மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், இதய மருத்துவர் ஒருவர், முன்னாள் துணைவேந்தர் ஒருவர். என்னையும் அழைத்தார்கள். நல்லவர்கள். தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டார்கள். சொல்லி முடித்ததும் நான் கேட்டேன்.

"அறிக்கை எப்ப வரும்யா?"

"ரெண்டு வருஷமாவது ஆகும்ப்பா," என்றார் நீதிபதி. "ஆயிரக்கணக்குல ஆவணம் இருக்கு. அவசரப்பட முடியாது."

"அது வரைக்கும் கூடெல்லாம் ஓடுமா?"

"தடை போட எங்களுக்கு அதிகாரம் இல்ல. அறிக்கை வந்த பிறகுதான்."

"அப்ப நீங்க ஆவணத்தோட ஒரு கூட்டுக்குள்ள போயிருங்களேன். ரெண்டே வாரத்துல அறிக்கை வந்துரும். அடுத்த மாசமே மூடிரலாம்."

நான் கிண்டலாகச் சொல்லவில்லை. வரும் வழியில் யோசித்து வைத்திருந்ததைத்தான் சொன்னேன். துணைவேந்தராக இருந்தவர் சன்னலைப் பார்த்தார். அவர் காலத்தில்தான் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு முதல் கூடு வந்தது.

மருத்துவர், "எனக்குச் சர்க்கரை இருக்கு" என்றார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "எங்களுக்கெல்லாம் குடும்பம் இருக்கு தம்பி," என்றார். சொன்ன பிறகு அவரே கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் என் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினாள். "இறந்தவர் வயது, மருத்துவ அறிக்கைப்படி, நாற்பத்தேழு. சாட்சியின் வயது இருபத்தொன்பது. இறந்தவருக்குச் சாட்சி என்ன உறவு: தம்பி."

"அண்ணன்," என்றேன்.

"அண்ணன்னுதான் சார் அடிச்சேன். கம்ப்யூட்டர் எடுக்கல. வயசு கொறஞ்சவங்களை அண்ணன்னு போட்டா செவப்பாக் காட்டுது. தம்பின்னு போட்டாத்தான் அடுத்த பக்கம் போவுது."

"இருக்கட்டும்ப்பா," என்றார் நீதிபதி. "சட்டப்படி ரெண்டும் ஒண்ணுதான்."

விசாரணை நகர வேண்டுமே என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அவள் பிறந்த அன்று எனக்கு மூன்று வயது.